யூனிட்டைக் கழற்றும் முன் காதைக் காட்டுங்கள்

போன செவ்வாய்க்கிழமை வந்தவரோடு சேர்த்தால், குழாய் ஸ்பீக்கர் சேர்த்துக் காதைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களில் இந்த வருடம் இது ஐந்தாவது ஆள். நான்காவது ஆள் வந்தபோதே எழுத நினைத்தேன். கோவில் கொடைத் திருவிழாக் காலம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டது தப்பு.

நாகர்கோவிலில் ஆடியாலஜிஸ்டாக, அதாவது செவித்திறன் பரிசோதகராக, இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் வயதானவர்கள்தான் அதிகம். அப்புறம் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள். இப்போது புதிதாக ஒரு கூட்டம் வரத் தொடங்கியிருக்கிறது. இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் உள்ள ஆண்கள், பழைய குழாய் ஸ்பீக்கர் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள். தாங்களாக யாரும் வருவதில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்தவருக்கு முப்பத்தாறு வயது. ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊர், தொழில் எல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன். தக்கலைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் எட்டு வருடம் இருந்தவர். திரும்பி வந்ததிலிருந்து சேகரிப்புதான். நீளக் குழாய், மடிப்புள்ள ரிஃப்ளெக்ஸ் குழாய், பழைய அஹுஜா, பிலிப்ஸ் யூனிட்டுகள், இரண்டு வால்வ் ஆம்ப்ளிஃபையர், பெட்டி பெட்டியாக இசைத்தட்டு. எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒரு ஷெட்டில். (யூனிட் என்பது குழாயின் பின்னால் மாட்டுகிற, சத்தத்தை உண்டாக்கும் பாகம். அதற்குள் அதிர்கிற மெல்லிய தகடுதான் டயாபிரம்.)

“அவியளுக்கு முதுகுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டா கேக்க மாட்டேங்குது மேடம்” என்றார் மனைவி. அவர் உடனே மறுத்தார். “எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இவதான் வாய்க்குள்ள பேசுதா. கம்ப்ளைண்ட் யூனிட்லதான். அந்தப் பழைய கணீர் வர மாட்டேங்குது. மூணு டயாபிரம் மாத்தியாச்சு.”

சரி, வந்ததுக்குப் பார்த்துவிடலாம் என்று ஒலித்தடுப்பு அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னேன். 250, 500, 1000 ஹெர்ட்ஸ் வரை விரல் பட்டென்று அழுத்தியது. 3000-க்குப் போனதும் விரல் சும்மா இருந்தது. 4000-ல் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘இன்னும் ஆரம்பிக்கலையா?’ என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 65 டெசிபெலில்தான் பட்டன் அழுந்தியது. எனக்கு அடிவயிறு கலங்கியது. முப்பத்தாறு வயதுக்காரருக்கு அது 20-க்குள் கேட்டிருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் வரைபடத்தைக் கையில் கொடுத்தேன். 1000 வரை நேராக வந்த கோடு, 4000-ல் கிணறு மாதிரி விழுந்து, 8000-ல் கொஞ்சம் ஏறியிருந்தது. எங்கள் தொழிலில் இந்த வயதில் இந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் முதலில் கேட்பது ‘எவ்வளவு நாளாகச் சத்தத்தில் இருக்கிறீர்கள்?’ என்பதைத்தான். அவரோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த யூனிட்டோட கர்வ் மேடம்? 4 கிலோ ஹெர்ட்ஸ்ல இப்படி விழுதே” என்று கேட்டார்.

“உங்க வலது காதோடது” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்போ அந்த மூணு டயாபிரம்?”

மூன்றும் நன்றாகத்தான் இருந்திருக்கும். இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணீர் என்று நீங்கள் சொல்கிற அந்தச் சத்தம் முக்கியமாக 2000-க்கும் 5000-க்கும் நடுவில் இருக்கிறது. சத்தம் முதலில் தின்பதும் காதின் அதே இடத்தைத்தான். காதில் அது போனதும் உங்களுக்குக் குழாய் மந்தமாகத் தெரிகிறது. உடனே ட்ரெபிளைக் கூட்டுகிறீர்கள். போதவில்லை என்று டைட்டானியம் டயாபிரம் போடுகிறீர்கள், பழைய ஆம்ப்ளிஃபையரை ஓரமாக வைத்துவிட்டு 250 வாட் வாங்குகிறீர்கள். ஏற்கெனவே அடிபட்ட இடத்திலேயே இன்னும் பலமாக அடி விழுகிறது. அடுத்த வருடம் மறுபடியும் ‘யூனிட் டல்’. உங்கள் குழாய் உண்மையிலேயே மந்தமா என்று தெரிய வேண்டுமா? வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால், சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்து அதனிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளை கூசுகிறது என்று காதைப் பொத்தினால், நீங்கள் திறக்க வேண்டியது யூனிட்டை அல்ல.

இனி எனக்குக் கோபம் வருகிற வார்த்தைக்கு வருகிறேன். “பழகிடுச்சு மேடம்.” ஐந்து பேரும் இதைச் சொன்னார்கள். மைக் செட் தொழிலிலேயே இருக்கிற அண்ணன்மார் பெருமையாகவே சொல்கிறார்கள்: “மொதல்ல ரெண்டு வருஷம் காது அடைக்கும், அப்புறம் பழகிரும்.” காது பழகாது. கை காய்த்துப்போகும், கால் காய்த்துப்போகும். காதுக்கு அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. முதல் இரண்டு வருடம் சத்தம் தாங்காமல் இருந்தது ஏன்? கேட்டதால். இப்போது ஏன் தாங்குகிறது? கேட்பது குறைந்துவிட்டதால். நீங்கள் பழக்கம் என்று நினைப்பதற்குப் பெயர் செவித்திறன் இழப்பு.

நம் ஊர்க்காரர்களுக்கு ரப்பர் மரத்தை வைத்துச் சொன்னால் புரியும். பால் வெட்டும்போது பட்டையை அளவாகச் சீவினால் அது திரும்ப வளரும். கத்தி தடியில் இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகி, பிறகு ஒழுங்காகப் பால் வராது. கொடை முடிந்த ராத்திரி காது அடைத்து, இரைந்து, மறுநாள் சரியாகிறதே, அது சீவல். ஒவ்வொரு முறையும் முழுசாக வளர்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். என்றைக்குக் கத்தி தடியில் பட்டது என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் வலிக்காது. வலி என்பது 120 டெசிபெலைத் தாண்டிய பிறகு வருகிற சங்கதி. கெடுதல் 85-லேயே தொடங்குகிறது. ‘வலிக்கலையே’ என்று யாரும் என்னிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறார்கள்: “டிஜே பாக்ஸ்தான் மேடம் காதைக் கெடுக்கும், பழைய குழாய் இயற்கையான சத்தம்.” டிஜே கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழாயில் பேஸ் கிடையாது, சத்தம் முழுக்க நடு, மேல் சுருதியில்தான். காதுத் துவாரமே 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் கொடுக்கிற அமைப்பு. குழாய் வீசுவதும் அங்கேதான். டெசிபெல் அளவு ஒன்றாக இருந்தால், அடித்தொண்டை பேஸை விடக் குழாயின் சத்தம்தான் காதுக்குக் கொடுமை.

அளவு தெரியட்டும். 85 டெசிபெல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் வரைதான் இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்குக் கால் மணி. நல்ல யூனிட் மாட்டிய குழாய் வெறும் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி நின்றால், சாதாரணமாக 105 டெசிபெல் கொடுக்கும். அதற்கு உள்ள நேரம் ஐந்து நிமிடம்கூட இல்லை. 10 வாட் கொடுத்தால் 115, அரை நிமிடம். உங்கள் 250 வாட்டுக்கு நான் கணக்குப் போட விரும்பவில்லை.

குழாய் ஏன் இப்படி என்று உங்களுக்கே தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். 1926-ல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 யூனிட் வந்த காலத்தில் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கிடைத்ததே சில வாட்டுகள். அதை வைத்து ஒரு தியேட்டரையே நிரப்ப வேண்டியிருந்தது. சாதாரண ஸ்பீக்கர் வாங்குகிற மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைச் சத்தமாக்கினாலே அதிகம். குழாய் பத்து, இருபது பங்கைக்கூட ஆக்கிவிடும். குறைந்த வாட்டில் தூரமாகக் கேட்பதற்கென்றே பிறந்த பொருள் அது.

தூரம் என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசியுங்கள். எனக்கும் குழாய் பிடிக்கும். சின்ன வயதில் எங்கள் ஊர் அம்மன் கோவிலில் கொடைக்குக் கால் நாட்டியதும், ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, அந்தப் பக்கம் தென்னையில் குழாய் கட்டுவார்கள். விடியற்காலை முதல் பாட்டு வயலைத் தாண்டி, காற்றில் ஏறியும் இறங்கியும் எங்கள் திண்ணைக்கு வரும். அந்தச் சத்தத்தைத்தானே நீங்களும் தேடுகிறீர்கள்? அது அரை கிலோமீட்டர் கடந்து வந்த சத்தம். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் வெட்டவெளியில் 6 டெசிபெல் குறையும். குழாய் வாயில் 115 இருந்தது எங்கள் திண்ணையில் 60 சொச்சம்தான், இரண்டு பேர் பேசிக்கொள்கிற அளவு. அதே குழாயைப் பத்துக்குப் பன்னிரண்டு ஷெட்டுக்குள் கட்டி, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் அந்தத் திண்ணை கிடைக்காது. சத்தம் ஷீட்டிலும் சுவரிலும் மோதித் திரும்பத் திரும்ப உங்கள் மேலேயே விழும்.

இசைத்தட்டை ரசித்துக் கேட்டதில் மட்டும் இவ்வளவு பேருக்குக் காது போகவில்லை என்பது என் அனுபவம். யூனிட்டைக் கழற்றி மாற்றிக் கட்டும் வேலையில்தான் அதிகம் போகிறது. காயில், அதாவது யூனிட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள், உரசுகிறதா என்று பார்க்க யூனிட்டின் வாயில் காதை வைத்துக் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூன்றாவதாக வந்த தம்பி அப்படித்தான் குனிந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற கூட்டாளி மைக்கை எடுத்தார். ‘கீ’ என்று ஒரு கூவல், இரண்டு விநாடி. அன்றைக்குப் பிடித்த இரைச்சல் இன்னும் நிற்கவில்லை. ராத்திரி முழுக்க இடது காதுக்குள் சீவிடு கத்துகிறது என்கிறார். கல்யாணமாகி நாலு மாதம், தூக்கமில்லாமல் கண் இரண்டும் குழிந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

காயில் அறுந்திருக்கிறதா என்பதை மீட்டரில் பாருங்கள். உரசல் பார்க்க வேண்டுமானால் மிகக் குறைந்த சத்தத்தில், கை நீள தூரத்தில் வைத்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரைச் சோதிக்க யூனிட் எதற்கு? டம்மி லோடு, அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டுகிற ரெசிஸ்டர், கட்டுங்கள். வயரை மாட்டிய பிறகு சுவிட்சைப் போடுங்கள், அதற்கும் முன்னால் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். சோதிக்கிற இடத்தில் மைக்கை இணைத்து வைக்காதீர்கள். குழாயின் வாய்க்கு நேரே நிற்காமல் பின்னால் நில்லுங்கள். நான்கு குழாயை ஒப்பிட வேண்டுமென்றால் ஷெட்டை விட்டு வெளியே கொண்டுவாருங்கள், அதுவும் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி போடக்கூடாது என்பது 2000-ம் ஆண்டு விதி. அதையும் மறக்க வேண்டாம்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்பார்கள். பஞ்சு அழுக்கைத் தடுக்கும், சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. மருந்துக்கடையில் ஸ்பாஞ்ச் மாதிரி இயர்பிளக் கிடைக்கும். விரலில் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும்வரை அமுக்கிப் பிடியுங்கள். வாசலில் சும்மா ஒட்டி வைத்தால் பயனில்லை. ‘அதைப் போட்டால் சத்தத்தின் தரம் தெரியாது’ என்பவர்களுக்கு, இசைக் கலைஞர்கள் போடுகிற இயர்பிளக் தனியாக இருக்கிறது. எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். ஒரு டயாபிரத்துக்குச் செலவழிக்கிற மனசோடு அதை வாங்குங்கள்.

பலமான சத்தத்துக்குப் பிறகு காது அடைத்து, இரைச்சல் பிடித்து, மறுநாளும் போகவில்லை என்றால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நாள் ஆக ஆக மருந்து வேலை செய்கிற வாய்ப்பு குறையும். வெள்ளைப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்து வராதீர்கள். பூண்டு எண்ணெய் போய்ச் சேருகிற இடம் வேறு, கெட்ட இடம் வேறு.

காது மெஷின் வைத்தால் சரியாகிவிடுமா என்று செவ்வாய்க்கிழமைக்காரர் கேட்டார். பேச்சுக்கு உதவும், மனைவி கூப்பிட்டால் கேட்கும், கட்டாயம் வையுங்கள் என்றேன். ஆனால் அது பேச்சுக்காகச் செய்த கருவி. இசைத்தட்டில் ஊசி இறங்கும்போது வருகிற அந்த மெல்லிய கரகரப்பும் வயலின் இழுப்பும் பழையபடி கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்கவும் முடியவில்லை.

கிளம்பும்போது மனைவி இன்னொன்று சொன்னார். ஏழு வயது மகன் பள்ளி விட்டு வந்ததும் அப்பாவோடு ஷெட்டில்தான் இருப்பானாம், யூனிட் பெயரெல்லாம் மனப்பாடமாம். அவனையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. உங்கள் ஷெட்டிலும் அப்படி ஒரு பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கே வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். குழாயை முற்றத்தில் கட்டி, ஒரு வாட்டுக்கும் கீழே வைத்து, வேலியோரம் நின்று அவனோடு கேளுங்கள். பிறகு இரண்டு பேருமாகக் காதைப் பரிசோதிக்க வாருங்கள். அரை மணி நேர வேலைதான்.