போல்ட்டுக்கும் கார்பன் கணக்கு: ஐரோப்பாவின் எல்லை விதி

‘வயர் ராட் (சுருளாக வரும் எஃகுக் கம்பி) வாங்கிப் போல்ட் அடிக்கிறோம், இரும்பு உருக்குவது மில். எங்களுக்கு எதற்குக் கார்பன் வரி?’ என்று ஐரோப்பாவுக்குப் போல்ட் அனுப்புபவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சிபிஏஎம் விதி, அதாவது வெளியிலிருந்து வரும் பொருளைச் செய்யும்போது போன கரியமில வாயுவுக்குக் காசு வாங்கும் விதி, மில்லோடு நிற்கவில்லை.

2023 அக்டோபர் முதல் 2025 முடியும் வரை புகைக் கணக்கு கொடுத்தால் போதுமாக இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் காசு. போல்ட், நட், ஸ்க்ரூ எல்லாம் 7318 என்ற எச்எஸ் கோடில் (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) வருவதால் மாட்டிக்கொண்டன. பம்ப் 8413, அது இன்னும் பட்டியலில் இல்லை.

பணம் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். 2026 சரக்குக்கு 2027 செப்டம்பர் 30க்குள் அவர் கணக்கு முடிக்க வேண்டும். விலை பேசும்போது அது யார் தலையில் விடியும் என்று சொல்லத் தேவையில்லை.

‘நான் 10 டன்தானே அனுப்புகிறேன், 50 டன் வரை விலக்கு உண்டே’ என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த 50 டன், இறக்குமதியாளர் எல்லோரிடமும் சேர்த்து ஓராண்டில் வாங்கும் எடை. உங்கள் எடை அல்ல. ‘2026இல் புகைக்கான விலையில் 2.5 சதவீதம்தானே’ என்பதும் பாதிக் கதை. டன்னுக்கு இவ்வளவு புகை என்று ஐரோப்பா வைத்திருக்கும் அளவுகோலுக்கு உட்பட்ட புகைக்குத்தான் அந்தச் சலுகை. அதைத் தாண்டியதற்கு முதல் ஆண்டிலேயே முழு விலை.

அப்புறம், எஃகின் தரத்துக்கு மில் தரும் டெஸ்ட் சர்டிபிகேட். அதில் ஹீட் நம்பருக்கு (எந்த உருக்கில் வந்தது என்ற எண்) பக்கத்தில் கார்பன் 0.20 என்று இருக்கும். அதைக் காட்டிப் பயனில்லை. அது எஃகுக்குள் இருக்கும் கார்பன். அவர்கள் கேட்பது எஃகு செய்யும்போது புகையாகப் போனது. போல்ட்டின் கணக்கில் பெரும்பகுதி வயர் ராடோடு வருவதுதான். நிலக்கரி ஊது உலையில் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு போகும்; ஸ்கிராப்பை மின் உலையில் உருக்கினால் மிகக் குறைவு. எஃகுக்கு மின்சாரத்தின் புகையை இப்போது சேர்ப்பதும் இல்லை.

மில் தன் புகை அளவை எண்ணாகத் தராவிட்டால் ஒன்றியம் வைத்திருக்கும் பொது எண்ணைப் போடுவார்கள். அதன்மேல் 2026இல் 10, 2027இல் 20, 2028 முதல் 30 சதவீதம் கூடுதல். கொடுக்கும் எண்ணும் அங்கீகாரம் பெற்றவர் சரிபார்த்ததாக இருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் இந்திய அரசு, ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழ் புகை விட்டால் பசுமை எஃகு என்று நட்சத்திரம் கொடுக்கும் முறை கொண்டுவந்தது. அந்த நட்சத்திரம் இதற்குச் செல்லாது, இரண்டும் வேறு கணக்கு. ராடுக்கு ஆர்டர் போடும்போதே மில்லின் புகை எண்ணையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சரக்கு இறங்கியபின் மில் மெனக்கெடாது.