சம்பா நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் போடுவது எப்படி: கடலூர் மாவட்ட விவசாயிகளுக்கு ஒரு விளக்கம்

தை பிறந்ததும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி, குறிஞ்சிப்பாடி, ஸ்ரீமுஷ்ணம் பக்கமெல்லாம் சம்பா அறுப்பு சூடுபிடித்துவிடும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலும் அப்போதுதான் கூட்டம் நெரியும். நெல் திரும்பி வருவதும், களத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பதும், பணம் வராமல் வங்கிக்கும் நிலையத்துக்கும் அலைவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. இவற்றில் பாதியையாவது அறுப்புக்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்திலேயே தவிர்த்துவிடலாம். அதனால் விலையைச் சொல்லிவிட்டு நேராக அந்த வேலைகளுக்கு வருகிறோம்.

2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு சன்னரகம் 2,389 ரூபாய், பொதுரகம் 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை முறையே 156, 131 ரூபாய். ஆக, கைக்கு வருவது சன்னரகத்துக்கு 2,545, பொதுரகத்துக்கு 2,500. நிலையத்தில் மூட்டை என்றால் நிகர எடை 40 கிலோ. அந்தக் கணக்கில் சன்னரக மூட்டை 1,018 ரூபாய், பொதுரக மூட்டை 1,000 ரூபாய். வியாபாரி சொல்லும் மூட்டை வேறு எடை. ஒப்பிடும்போது எப்போதும் குவிண்டாலுக்கு மாற்றிப் பாருங்கள்.

சன்னமா பொதுவா என்பதை அரிசியின் நீள அகல விகிதம்தான் முடிவு செய்கிறது. நீளம் அகலத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால் சன்னரகம். பிபிடி 5204 சன்னரகத்தில் வரும். சிஆர் 1009 குண்டு நெல், பொதுரகம்தான். பக்கத்து வயலில் சிஆர் 1009 அறுத்த அறுவடை வண்டி, தொட்டியைச் சுத்தமாகக் காலி செய்யாமல் உங்கள் பிபிடி வயலில் இறங்கினால் இரண்டும் கலந்துவிடும். தாழ்ந்த ரகக் கலப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் சன்னரக விலை கிடைக்காது. வண்டி வயலில் இறங்கும் முன் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடங்கலும் பதிவும்

சிட்டா (நில உரிமை விவரம்), கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்ற சான்று), ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கைபேசி எண் ஆகியவை வேண்டும். மற்றவை கைவசம் இருக்கும், சிக்கல் தருவது அடங்கல்தான். அது நடப்புப் பசலிக்கானதாக, அதாவது வருவாய்த் துறையின் நடப்பு ஆண்டுக்கானதாக இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை 1435-ஆம் பசலி. போன ஆண்டு வாங்கிய அடங்கல் செல்லாது. குறுவைக்கு வாங்கிய தாளைச் சம்பாவுக்குக் காட்டினாலும் செல்லாது. புல எண், பரப்பு, பயிர் மூன்றும் வயலில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று வாங்கும் இடத்திலேயே படித்துப் பாருங்கள். உட்பிரிவு எண் ஒன்று விடுபட்டாலே அந்தத் துண்டு நிலத்தின் நெல் கணக்கில் வராது.

பதிவு இணையவழியில் நடக்கிறது. வாணிபக் கழகத்தின் கொள்முதல் இணையதளத்தில் பெயர், ஆதார் எண், புல எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஏற்ற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகு, எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். இ-சேவை மையத்தில் பதிவு செய்யும்போது சிலர் தங்கள் எண்ணுக்குப் பதில் மையத்துக்காரரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு செய்தி அவருக்குப் போகும், உங்கள் நாள் கடந்துவிடும். கதிர் பழுக்கத் தொடங்கியதுமே பதிவை முடித்துவிடுவது நல்லது. அறுப்பு உச்சத்தில் அலுவலரின் ஒப்புதலுக்கே நாள் ஆகும்.

குத்தகைக்காரர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் கோயில் நிலம், கட்டளை நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம் என்று நிறைய இருக்கிறது. பட்டா ஒருவர் பெயரில், பாடு இன்னொருவருடையது. 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவேடு சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவருக்குத் தொல்லை இல்லை. வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர், சாகுபடி செய்பவர் என்று அடங்கலில் தன் பெயர் ஏற வேண்டும் என நடவு முடிந்ததுமே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட வேண்டும். பயிர் நிற்கும்போது அவர் வயலைப் பார்த்து எழுதலாம். அறுத்து முடித்து அடிக்கட்டை மட்டும் நிற்கும்போது போய்க் கேட்டால் தயங்குவார், அது நியாயமும்கூட. நில உரிமையாளர் பெயரிலேயே போட்டுவிடலாம் என்றால் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும். பிறகு அவரிடம் கேட்டு நிற்க வேண்டியதுதான்.

உங்கள் சிட்டாவை வியாபாரிக்கு இரவல் தராதீர்கள். அவர் அதில் வெளிநெல்லைப் போட்டுவிட்டால் உங்கள் பரப்புக்கான அளவு தீர்ந்துபோகும், உங்கள் சொந்த நெல்லுக்கு இடமிருக்காது. பாகூர் பக்கம் புதுச்சேரி எல்லைக்குள் நிலம், வீடு இந்தப் பக்கம் என்று இருப்பவர்களும் உண்டு. பதிவில் தமிழ்நாட்டுப் புல எண்தான் ஏறும் என்பதை அவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

ஈரப்பதம் 17

நெல் திரும்பி வருவதற்கு முதல் காரணம் ஈரம். வரம்பு 17 சதவீதம். கொள்முதலான நெல் திறந்தவெளி சேமிப்பு மையத்தில் வாரக்கணக்கில் அட்டியில் (மூட்டை அடுக்கில்) கிடந்து, பிறகுதான் அரவை ஆலைக்குப் போகிறது. ஆலை 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பித் தர வேண்டும். ஈர நெல் அட்டியில் சூடேறிப் பழுத்து நிறம் மாறும், முளைக்கும். கடைசியில் அது ரேஷன் அரிசியாக நம் வீட்டுக்கே வரும்.

தை மாதப் பனியில் காலை எட்டு மணிக்கு அறுத்த நெல்லும் பதினொன்றரைக்கு அறுத்த நெல்லும் ஒன்றல்ல. கதிரில் பனி உலர்ந்த பிறகே வண்டியை இறக்கச் சொல்லுங்கள். வண்டிக்காரர் அவசரப்படுத்துவார், மணிக்கு வாடகை என்பதால் நமக்கும் அவசரம் இருக்கும். ஆனால் பனியோடு அறுத்த நெல் 22, 23 காட்டும். அதைக் காயவைக்கும் கூலி, வாடகையில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

களத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை காலால் சால் விட்டுத் துழாவ வேண்டும். மாலையில் சூடு ஆறும் முன் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே ஆவி வேர்த்து, மேல் நெல் மறுபடி நனையும். ஆறவிட்டு மூடுங்கள். தார்ப்பாயின் ஓரத்தைத் தரையோடு அழுத்திவிட்டால் பனி உள்ளே இறங்காது. சாலையில் காயப்போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். விபத்து ஒருபக்கம் இருக்க, மண்ணும் சிறு கல்லும் சேர்ந்தால் அது கனிமக் கலப்பு. அதற்கு வரம்பு ஒரே ஒரு சதவீதம்.

அதிகமாகக் காயவைப்பதும் நட்டம்தான். 21 சதவீத ஈரத்தோடு 100 கிலோ நெல் இருந்தால், 17-க்கு வரும்போது சுமார் 95 கிலோ நிற்கும். அந்த ஐந்து கிலோ தண்ணீர், போக வேண்டியதுதான். 14 வரை காயவிட்டால் 92 கிலோவுக்கு இறங்கிவிடும், விலையோ அதேதான். 16-ஐ ஒட்டி நிறுத்தினால் எடையும் காப்பாற்றப்படும், கருவியில் புள்ளி கூடக் குறைய வந்தாலும் திரும்பி வர வேண்டியிருக்காது. நிலையத்தில் பார்க்கும்போது குவியலின் உள்ளிருந்து எடுத்த, சூடு ஆறிய நெல்லில் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் 17.8 காட்டினால் வேறு இரண்டு இடத்தில் எடுத்துப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

பருவம் தப்பிய மழை பெய்த ஆண்டுகளில் ஒன்றிய அரசு வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. 2022 அக்டோபரில் 19 சதவீதமாகவும், 2023 பிப்ரவரியில் டெல்டா மாவட்டங்களுக்கு 20 சதவீதமாகவும் ஆனது. மாநில அரசு கேட்டு, குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது என்பதுதான் விவசாயிகளின் ஆற்றாமை. இப்படி மழை பெய்து முடிந்தபின் தனித்தனியாகக் கெஞ்ச வைக்காமல், இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் இத்தனை சதவீதம் வரை வாங்கலாம் என்று முன்கூட்டியே விதி எழுதி வைப்பதே முறை. உத்தரவு வராதவரை 17-ஐத்தான் நம்ப வேண்டும்.

ஈரம் தவிர, பதர், வைக்கோல் போன்ற கலப்பு 1 சதவீதம் வரை, முதிராத சுருங்கிய நெல் 3 சதவீதம் வரை, சேதமான, நிறம் மாறிய, முளைத்த, வண்டடித்த நெல் எல்லாம் சேர்த்து 5 சதவீதம் வரை ஏற்பார்கள். நிலையத்துத் தூற்றும் இயந்திரத்தில் அரிசி பிடிக்காத கருக்காய் பெருமளவு போய்விடும்.

எடை மேடையில்

காலிச் சாக்கு சுமார் 580 கிராம். எனவே தராசில் 40 கிலோ 580 கிராம் காட்ட வேண்டும். அதற்கு மேல் பிடித்தால் அது உங்கள் நெல். மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகப் போனால் சன்னரகத்தில் 25 ரூபாய் 45 காசு. ஏக்கருக்கு 60 மூட்டை கண்டால் 1,527 ரூபாய். எண்கள் தெரியும் பக்கம் நின்று, முதல் பத்து மூட்டையையாவது உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சுமைதூக்கும் தொழிலாளர்களுக்குக் கூலி தருவது வாணிபக் கழகம். மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயி தர வேண்டும் என எந்த விதியும் இல்லை. கேட்டால் பட்டியல் எழுத்தரிடம் ரசீது கேளுங்கள். தர மாட்டார்கள் என்றால் அது கொடுக்க வேண்டிய பணம் அல்ல.

நிலையம் ஏன் அடிக்கடி நின்றுவிடுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நிலையம் நாளொன்றுக்கு ஆயிரம் மூட்டை அளவில் பிடிக்கும். அது 17 ஏக்கர் விளைச்சல். இரண்டு அறுவடை வண்டிகள் ஒரே பகலில் அதை அறுத்துத் தள்ளிவிடும். ஒரு கிராமத்தில் ஆறு வண்டி ஓடினால் மீதி நெல் எங்கே போகும்? பிடித்த மூட்டையை ஏற்ற லாரி வரவில்லை என்றாலோ, சாக்கு தீர்ந்தாலோ, சேமிப்பு மையத்தில் இடமில்லை என்றாலோ அன்றைக்குக் கொள்முதல் அங்கேயே நிற்கும். ஊழியரோடு சண்டை போட்டுப் பயனில்லை. சாக்கா, லாரியா, இடமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாணிபக் கழக மண்டல மேலாளர் அலுவலகத்துக்கு அந்தக் காரணத்தையே எழுதிக் கொடுத்தால் வேலை நடக்கும். எடை போட்டு ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும்வரை நெல் உங்களுடையது, அதன் மேல் விழும் மழையும் உங்கள் தலையில்தான். உங்கள் நாள் வரும் முன் களத்தில் கொண்டுபோய்க் கொட்டாமல் வீட்டோரம் மேடான இடத்தில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

நிலையத்தில் ஆளைச் சரிபார்க்க வைக்கும் விரல் ரேகை பதிவாகாமல் போவது வயலில் வேலை செய்யும் கைகளுக்குச் சகஜம். அந்நேரம் கைகொடுக்க, ஆதாரோடு இணைந்த கைபேசியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பணம் வங்கிக் கணக்கில்தான் வரும். வராமல் போனால் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு ஒரு காரணம். 2020-இல் கனரா வங்கியோடு இணைந்த சிண்டிகேட் வங்கி போன்றவற்றின் பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணைக் கொடுத்திருப்பது இன்னொன்று. அதிகம் கவனிக்கப்படாத மூன்றாவது, முழு ஆவணம் தராமல் தொடங்கிய சிறு கணக்கு. அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஆண்டுக்கு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரே ஏக்கரின் 60 மூட்டை 61,080 ரூபாய் என்றால் பணம் திரும்பிப் போகாமல் என்ன செய்யும்? மார்கழியிலேயே வங்கிக்குப் போய் ஆவணங்களைக் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

நிலையத்தில் இடம் கிடைக்காதபோது வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. விருத்தாசலம், சிதம்பரம், பண்ருட்டி ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மறைமுக ஏலம் (வியாபாரிகள் விலையை ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதித் தருவது) நடக்கிறது. நன்றாகக் காய்ந்த பிபிடிக்குச் சில நாட்களில் அரசு விலையை மிஞ்சியும் போகும். போவதற்கு முந்தைய நாள் போனில் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். விலை சரியில்லை என்றால் அங்கேயே கிடங்கில் வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம், தவணை 180 நாள். ஆனால் கிடங்குக்கு நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும். 17-இல் வைத்த நெல் ஆறு மாதம் தாங்காது.

நிலையத்தில் நடந்த எதைப் பற்றியும் குறை இருந்தால் 1100 என்ற எண்ணில் பதியலாம், மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் தரலாம். மனுவில் நிலையத்தின் பெயர், தேதி, ஒப்புகைச் சீட்டு எண், தராசு காட்டிய எடை நான்கும் இருக்கட்டும். இவை இல்லாத மனுவுக்கு "விசாரிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும்.