தொகை: ஆந்தாலஜிக்கு நம்மிடம் இருக்கும் சொல்

பலருடைய கவிதைகளைத் தேர்ந்தெடுத்து ஒரே நூலாக வெளியிட்டால் பேச்சில் அதை ‘ஆந்தாலஜி’ என்கிறோம். அட்டையில் ‘தொகுப்பு’ என்று போடுகிறோம். ஒருவரே எழுதிய பத்துக் கதைகள் புத்தகமானாலும் அதுவும் ‘தொகுப்பு’தான். போதாக்குறைக்குத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துபவரும் தொகுப்பாளர், சினிமாவில் எடிட்டிங்கும் படத்தொகுப்பு. ஒரே சொல் இத்தனை வேலை பார்த்தால் தேய்ந்துதான் போகும்.

ஆந்தாலஜி கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘ஆந்தோஸ்’ என்றால் பூ. பூப்பறித்துச் சேர்ப்பது என்பது மூலப்பொருள். கி.மு. முதல் நூற்றாண்டில் மெலியாகர் என்ற கவிஞர் பல புலவர்களின் பாடல்களைச் சேர்த்து அதற்கு ‘மாலை’ என்றே பெயர் வைத்தார். ஒவ்வொரு புலவரையும் ஒவ்வொரு பூவாகவும் செடியாகவும் முன்னுரையில் பாடினார். அழகான பெயர்தான்.

தமிழில் இதற்குரிய சொல் தொகை. எட்டுத்தொகை, குறுந்தொகை, கலித்தொகை, நெடுந்தொகை (அகநானூற்றின் இன்னொரு பெயர்) என்று நூற்பெயர்களிலேயே அது நிற்கிறது. ‘தொகு’ என்பதே அடி. தானாகச் சேர்ந்தால் ‘தொக்கது’, ஒருவர் சேர்த்தால் ‘தொகுத்தது’. இந்தச் சொல்லுக்குள் இன்னொரு பொருளும் உண்டு: சுருங்குதல். வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்பதைப் பள்ளியில் படித்திருப்போம். தொல்காப்பிய மரபியல் வழிநூல் (முதல்நூலைப் பின்பற்றி எழும் நூல்) வகைகளைச் சொல்லும்போது ‘தொகுத்தல், விரித்தல்’ என்கிறது. அங்கே தொகுத்தல் என்பது விரிந்ததைச் சுருக்குவது. இந்த இரண்டு பொருளும் சேர்ந்திருப்பதால்தான் இச்சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். பலவற்றிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வதும் தொகுப்பவரின் வேலைதானே.

அந்த வேலைக்கு நம் முன்னோர் கணக்கு வைத்திருந்தார்கள். நாலு அடி முதல் எட்டு அடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. ஓரிரு பாடல்கள் இந்த எல்லையை மீறியிருக்கலாம், திட்டம் இதுதான். அகநானூற்றின் வரிசை இன்னும் நுட்பம். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10, 20 என வருபவை நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம்!

தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்ற பிரிவும் அப்போதே இருந்தது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுக்கச் செய்து ஆதரித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி.

அப்புறம் ‘திரட்டு’. பல நூல்களிலிருந்து பாடல்களை எடுத்துப் பொருள்வாரியாக அடுக்கினால் அது திரட்டு. புறத்திரட்டு அப்படிப்பட்டது. முத்தொள்ளாயிரம் முழுதாகக் கிடைக்கவில்லை. இன்று நம் கையில் இருக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்களில் பெரும்பாலானவை புறத்திரட்டு காப்பாற்றித் தந்தவை. ‘கோவை’யும் பொருத்தமான சொல்தான், ஆனால் அது திருக்கோவையார் போன்ற அகப்பொருள் சிற்றிலக்கிய வகைக்குப் பெயராகிவிட்டது.

சரி, இன்று எப்படி எழுதலாம்? ஒருவருடைய படைப்புகள் மட்டும் என்றால் ‘தொகுதி’; இலங்கையில் ‘சிறுகதைத் தொகுதி’ என்று இயல்பாக எழுதுகிறார்கள். பலரிடமிருந்து தேர்ந்து கோத்தது என்றால் ‘தொகைநூல்’. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் ஒருவர் பாடியதையும் தொகைநிலைச் செய்யுளில் சேர்க்கிறது என்பது உண்மை. ஆனாலும் இன்றைய தேவைக்கு இந்தப் பிரிவு உதவும்.

செய்தவரை ‘தொகுப்பாசிரியர்’ என்போம். பதிப்பாசிரியர் வேறு: அவர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடத்தைச் செம்மை செய்பவர். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. 1937-இல் அதை உரையோடு பதிப்பித்தவர் உ.வே.சா.