வீடியோ டாக்டருக்கும் ஏன் வரிசை?

“வீடியோவில்தானே டாக்டரைப் பார்க்கிறோம், டோக்கன் போட்டு முக்கால் மணி நேரம் ஏன் காத்திருக்க வேண்டும்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

மத்திய அரசின் இ-சஞ்சீவனியில், வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் வசதி 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் வந்தது. கைபேசி எண், ஓடிபி, டோக்கன், வீடியோ அழைப்பு, மருந்துச்சீட்டு என்ற வரிசை பலருக்கும் பழக்கம்தான். டோக்கனுக்கும் அழைப்புக்கும் நடுவில் நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு டாக்டர் ஆளுக்குச் சராசரியாக 6 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சளி என்றால் 2 நிமிடம் போதும்; சர்க்கரையோடு காலில் புண் என்றால் 15 நிமிடம் ஆகலாம். ஆட்களும் சீராக வருவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் டாக்டரின் நேரம் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், காத்திருப்பு சராசரியாக 24 நிமிடம். 90 சதவீதம் என்றால் 54. 95 சதவீதம் என்றால் 114 நிமிடம்! 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி இணைப்புகளுக்காக டென்மார்க் கணித அறிஞர் எர்லாங் தொடங்கிவைத்த கணக்கு இது.

ஏன் இப்படி எகிறுகிறது? யாரும் வராத 5 நிமிடத்தை டாக்டர் எடுத்து வைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. ஆனால் ஒருவருக்குக் கூடுதலாகப் போன 9 நிமிடம், பின்னால் இருக்கும் அத்தனை பேர் தலையிலும் விழும். அதைச் சரிக்கட்டுவது இடையில் கிடைக்கும் ஓய்வு மட்டும்தான். டாக்டர் சும்மா இருப்பதை வீண் என்று நினைக்கும் நிர்வாகிகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். 90 சதவீதம் நிரம்பிய இரண்டு டாக்டர்கள், தனித்தனி வரிசை: 54 நிமிடம். இரண்டையும் ஒரே வரிசையாக்கி, யார் முதலில் ஓய்ந்தாலும் அடுத்தவரை அனுப்பினால் 26 நிமிடம்கூட ஆகாது. டாக்டர்களும் அதே, நோயாளிகளும் அதே! ஒருவர் முன் கூட்டம் நிற்க இன்னொருவர் சும்மா இருப்பது நின்றுபோகிறது, அவ்வளவுதான். தேனி ஆஸ்பத்திரி வரிசையையும் ராமநாதபுரம் வரிசையையும் நேரில் ஒன்றாக்க முடியாது. வீடியோவில் முடியும். நாள்பட்ட நோய்க்காரர்களுக்கு மட்டும், தெரிந்த டாக்டரிடமே அனுப்பும் தனி வழி வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம் என்று என் அத்தை டோக்கனே போட மாட்டார். பலர் இப்படி ஒதுங்கினால், அந்த ஒன்றரை மணி நேரத்து ஓய்வு யாருக்கும் உதவாமல் போகும். பன்னிரண்டுக்கு மேல் எல்லாரும் ஒன்றாக வந்து விழுவார்கள். போன வெள்ளி அவருக்காக நானே பதினொரு மணிக்கு டோக்கன் போட்டேன். அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் டாக்டர் திரையில் வந்துவிட்டார்.