காயிலில் மின்னோட்டம் அறுபடாமல் இருக்க

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க வேண்டும், சுமை 0.2 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியர் வரை மாறும் என்று வைத்துக்கொள்வோம். 150 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் எல்எம்2596 போன்ற பக் கன்வர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும்) ஐசி இதற்குப் போதும். எந்தக் காயிலைப் போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2 ஆம்பியரிலிருந்து கணக்கைத் தொடங்குவதே காரணம். தொடங்க வேண்டிய இடம் 0.2 ஆம்பியர்.

ஐசிக்குள் இருக்கும் சுவிட்ச் ஆன் ஆனதும் காயிலில் மின்னோட்டம் ஏறுகிறது. ஆஃப் ஆனதும் டையோடு வழியாக இறங்குகிறது. ரம்பப் பல் போன்ற இந்த ஏற்ற இறக்கத்தின் சராசரிதான் சுமைக்குப் போகிறது. சுமை குறைந்தால் ரம்பம் அளவு மாறாமல் அப்படியே கீழே நகரும். அதன் அடிமுனை சுழியத்தைத் தொடும்போது, சுமை மின்னோட்டம் ஏற்ற இறக்கத்தில் சரிபாதியாக இருக்கும். இதுதான் எல்லை. இன்னும் குறைந்தால், டையோடு பின்னோக்கிக் கடத்தாது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் காயில் வெறுமையாகக் கிடக்கும்.

அந்த இடைவெளியில் காயிலும் டையோடு, சுவிட்ச் ஆகியவற்றின் சிறு கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து அதிரும். அது இரைச்சலாக வெளியேறும். ஆன் நேரத்தின் விகிதமும் இனி சுமையைப் பொறுத்து மாறும். அந்நிலையில் சுமை திடீரென்று கூடினால், ஐசி விகிதத்தை வெகுதூரம் நகர்த்தியாக வேண்டும். அதற்குள் 5 வோல்ட் சற்றுத் தாழ்ந்துவிடும். எப்போதோ ஒருமுறை விழித்தெழும் கருவிக்கு இது பெரிய குறையல்ல. ரேடியோ, ஆடியோ, அளவீட்டுச் சுற்றுகளுக்கு இது தொல்லை.

இனி கணக்கு. சார்ஜ் ஆகும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும். அந்த உச்சத்தையே எடுக்க வேண்டும். ஆன் விகிதம் 5-ஐ 14.4-ஆல் வகுத்தால் 0.347. ஒரு சுற்று 6.67 மைக்ரோவினாடி என்பதால் ஆன் நேரம் 2.31 மைக்ரோவினாடி. அந்நேரத்தில் காயிலின் மேல் விழுவது 9.4 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 21.8. அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் 0.2-இன் இருமடங்கு, அதாவது 0.4 ஆம்பியர். வகுத்தால் 54.4 மைக்ரோஹென்றி; காயிலுக்குக் குறைந்தது இந்த மதிப்பு வேண்டும். பேட்டரி 11 வோல்ட்டில் இருக்கும்போது இதே கணக்குக்கு 45 போதும். அதை நம்பிப் போட்டால், சார்ஜர் மாட்டியதும் மின்னோட்டம் அறுபடத் தொடங்கும். டையோடு, சுவிட்ச் இழப்புகளைச் சேர்த்தாலும் ஒரு மைக்ரோஹென்றிக்கும் குறைவாகவே கூடும்.

காயில்களின் மதிப்பில் 20 சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம். ஆகவே குறைந்தது 68 வாங்க வேண்டும். அதில் 20 சதவீதம் போனால் 54.4 மிஞ்சும்.

2 ஆம்பியர் இப்போதுதான் கணக்குக்குள் வருகிறது. உச்ச மின்னோட்டம் 2.2 ஆம்பியர். செறிவு மின்னோட்டம், அதாவது காயிலின் கோர் (கம்பி சுற்றிய காந்தப் பொருள்) மேலும் காந்தமேற முடியாமல் போகும் அளவு, அதற்குச் சற்று மேலே இருந்தால் போதாது. தொடக்கத்திலும் ஷார்ட் ஆகும்போதும் ஐசியின் தற்காப்பு எல்லை வரை, எல்எம்2596-இல் வழக்கமாக 4.5 ஆம்பியர், மின்னோட்டம் ஏறக்கூடும். ஃபெரைட் கோர் செறிந்தால் மைக்ரோஹென்றி சட்டென்று சரியும், மின்னோட்டம் ஊசிபோல் எழும். இரும்புத்தூள் கோர் மெல்லத் தளரும், ஆனால் கூடுதலாகச் சூடேறும். கம்பியின் மின்தடையையும் பாருங்கள்: 60 மில்லிஓம் என்றாலே 2 ஆம்பியரில் கால் வாட் வெப்பம்.

ரெசிஸ்டர் போலத் தோன்றும் சின்னக் காயிலில் 68 என்று குறித்திருந்தாலும் அது இதைத் தாங்காது. பழைய பவர் சப்ளையின் நுழைவாயிலில் இருக்கும் இரட்டைச் சுற்றுக் காமன் மோடு சோக்கும் (இரைச்சலை வடிக்கும் காயில்) உதவாது; அதன் கோரில் காற்று இடைவெளி இல்லை, சிறு நேர்மின்னோட்டத்திலேயே செறிந்துவிடும். அப்படியென்றால் 330 மைக்ரோஹென்றியே போட்டுவிடலாமே என்றால், அதே அளவு கோரில் சுற்றுகள் கூடும், தடை ஏறும், செறிவு எல்லை இறங்கும், சுமை மாறும்போது அதற்கு ஈடுகொடுப்பது தாமதமாகும்.

பொருத்தியபின் 14.4 வோல்ட் கொடுத்து, 1 வாட் 47 ஓம் ரெசிஸ்டர் இரண்டை இணையாக வெளியீட்டில் மாட்டுங்கள், ஏறத்தாழ 0.21 ஆம்பியர் ஓடும். டையோடும் காயிலும் சேரும் புள்ளியில் ஆசிலோஸ்கோப்பை வையுங்கள். துடிப்புகளுக்கு நடுவே அலை, சுழியத்துக்கு அரை வோல்ட் கீழே, அடுத்த துடிப்பு வரை சமமாகக் கிடந்தால் தொடர்ச்சி அறவில்லை. நடுவே எழும்பி 5 வோல்ட்டைச் சுற்றி அலைந்தால் காயில் போதவில்லை.