மெயில் போகும் வழியிலேயே ஒரு பிரதி

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கும் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கும் பையர் ஆர்டர் கொடுப்பது, தோலின் நிறத்துக்குச் சம்மதம் சொல்வது, தேதியைத் தள்ளிப்போடச் சொல்வது எல்லாம் மெயிலில்தான். சரக்கு கப்பலேறி, கடைக்குப் போய், ஒரு சீசனும் முடிந்த பிறகு "நாங்கள் ஒப்புக்கொண்ட ஷேடு இதுவல்ல" என்று கிளெய்ம் வருகிறது. ஒப்புக்கொண்ட மெயில் எங்கே? அதைக் கையாண்ட மெர்ச்சண்டைசர் போன வருடமே வாணியம்பாடியில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். லைசென்ஸ் செலவு மிச்சம் என்று அவருடைய கணக்கையும் நீக்கிவிட்டார்கள்.

அலுவலக மெயில் சேவையான மைக்ரோசாஃப்ட் 365-இல் நீக்கிய பயனரின் அஞ்சல்பெட்டியை 30 நாளுக்குள் மீட்கலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாள். அதற்குப் பிறகு, முன்கூட்டியே வேறு ஏற்பாடு செய்து வைத்திருந்தால் தவிர, கேட்டும் பயனில்லை.

"கிளவுடில்தானே இருக்கிறது, பத்திரமாகத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கை பாதிதான் சரி. டிஸ்க் பழுதானாலும், ஒரு டேட்டா சென்டரே நின்றுபோனாலும் மெயில் தப்பிக்கும். பல பிரதிகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் 'டெலீட்' கொடுத்தால் அது பழுது இல்லை, உத்தரவு. எல்லாப் பிரதிகளிலும் நிறைவேறும். உங்கள் தரவை நீங்களே பேக்கப் எடுத்துக்கொள்வது நல்லது என்று மைக்ரோசாஃப்டின் சேவை ஒப்பந்தமே சொல்கிறது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதத்தினரின் பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் அந்தப் பிழை விட்டுவைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது காந்த நாடா. அது எந்தக் கணினியோடும் இணையாமல் தனியாக இருந்ததுதான் காரணம்.

இங்கேதான் வெளி நிறுவனங்களின் சேவை வருகிறது. அதில் இரண்டு வகை உண்டு: பேக்கப், ஆவணக்காப்பு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஒன்றை மட்டும் வாங்கிவிடுகிறவர்கள் நிறைய.

பேக்கப் சேவை உங்கள் பெட்டிக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கடவுச்சொல் கொடுக்க வேண்டியதில்லை. நிர்வாகி ஒருமுறை அனுமதி தந்தால் போதும். முதல் தடவை எல்லாவற்றையும் நகலெடுக்கும். அடுத்த தடவையிலிருந்து, கடைசியாக வந்ததற்குப் பின் என்ன மாறியது என்று மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஃபோல்டர், காலண்டர், தொடர்புகள் எல்லாம் சேர்ந்து வரும் என்பதால், போன செவ்வாய்க்கிழமை இருந்த நிலைக்கே பெட்டியைத் திரும்பக் கொண்டுவர முடியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினால் இதுதான் தேவை. ஓட்டை ஒன்றுதான்: இரவு 11 மணிக்கு பேக்கப் ஓடுகிறது என்றால், காலையில் வந்து மத்தியானமே அடியோடு அழிக்கப்பட்ட மெயிலை அது பார்க்காமலே போகலாம்.

ஆவணக்காப்பு பெட்டிக்குள் போவதே இல்லை. மெயில் சர்வரைக் கடக்கும் நேரத்திலேயே ஒரு பிரதி தனியாகப் பிரிந்து போய்விடும். இதற்கு ஜர்னலிங் என்று பெயர். பெறுபவர் திறப்பதற்கு முன்பே, ஏன், பெட்டியில் விழுவதற்கு முன்பே பிரதி காப்பகத்துக்குக் கிளம்பிவிடும். அப்புறம் யார் எதை அழித்தாலும் கவலையில்லை.

இதில் ரசிக்க வேண்டிய இடம் பிசிசி, அதாவது மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒருவருக்கு நகல் அனுப்பும் வசதி. சர்வர்கள் மெயிலைக் கைமாற்றிக்கொள்வதற்காக 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி விதிமுறைப்படி ஒரு மெயிலுக்கு இரண்டு முகவரித் தொகுப்புகள் உண்டு. ஒன்று கடிதத்தின் தலைப்பில் நாம் பார்க்கும் 'டு', 'சிசி'. இன்னொன்று, தபால் உறையின் மேல் எழுதிய விலாசம் போல, சர்வர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வது. பிசிசியில் போட்ட பெயர் இரண்டாவதில் மட்டும்தான் இருக்கும். மெயில் சேர்ந்ததும் அந்த உறை கிழித்தெறியப்படுகிறது. ஆகவே பெறுபவரின் பெட்டியை எத்தனை தடவை பேக்கப் எடுத்தாலும், வேறு யாருக்கெல்லாம் ரகசியமாக நகல் போனது என்று தெரியவராது. ஜர்னலிங் உறையையும் எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு குழு முகவரிக்கு அனுப்பியிருந்தால், அன்றைய தேதியில் அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதும் பதிவாகும். விலைப்பட்டியலைப் போட்டி கம்பெனிக்கு யாரோ பிசிசியில் அனுப்பிய வழக்கில் இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இப்படி எல்லாவற்றையும் சேர்த்தால் இடம் போதுமா? மெயில் இணைப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன. மூன்று பைட் நான்காகிவிடும். மூன்று எம்பி ஷூ படம் நான்கு எம்பிக்கு மேல் ஆகும். அதையும் பத்து பேருக்கு அனுப்புவார்கள். காப்பகம் இணைப்பைப் பிரித்து பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, அதன் ஹாஷ் எண்ணைக் கணக்கிடும். எஸ்எச்ஏ-256 முறையில் எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 எழுத்துள்ள ஓர் அடையாளம் கிடைக்கும். ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் மொத்தமாக மாறும். அதே அடையாளம் ஏற்கெனவே இருந்தால் கோப்பைத் திரும்பச் சேமிக்காமல் ஒரு குறிப்பு மட்டும் போட்டுக்கொள்ளும்.

இதே ஹாஷ் நீதிமன்றத்திலும் உதவுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்கச் சான்றிதழ் கேட்கிறது; அந்தப் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கே இடம் இருக்கிறது. எத்தனை வருடம் வைப்பது என்பதற்கு கம்பெனிச் சட்டத்தின் 8 நிதியாண்டு ஒரு நல்ல அளவுகோல். அது கணக்குப் புத்தகங்களுக்கான விதிதான், ஆனால் ஆர்டர் மெயில்களும் கணக்கோடு ஒட்டியவைதானே.

வங்கிக் கணக்கு மோசடி பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்றுமதியாளர் பெயரில் பையருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று போலி மெயில் போகும். பணம் வேறெங்கோ போய்விடும். உங்கள் பெட்டிக்குள் யாரோ புகுந்து அதை அனுப்பி, தடயத்தை அழித்தார்களா? அல்லது ஓர் எழுத்து மட்டும் மாற்றிய வேறு முகவரியிலிருந்து போனதா? முதலாவது என்றால் அது காப்பகத்தில் முழுத் தலைப்பு விவரங்களோடு மாட்டியிருக்கும். இரண்டாவது என்றால் உங்கள் சர்வர் வழியாகப் போயிருக்காது, காப்பகத்தில் இருக்காது. எது நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டம் யார் தலையில் என்ற பேச்சே நகரும்.

சரி, ஏன் வெளி நிறுவனம்? சாவிதான் காரணம். நிர்வாகி கணக்கைத் திருடியவன் பெட்டியையும் பேக்கப்பையும் ஒரே மூச்சில் அழித்துவிடக் கூடாது. அதனால் வேறு இடம், வேறு உள்நுழைவு. அதோடு, கெடு முடியும்வரை கணக்கின் உரிமையாளராலேயே அழிக்க முடியாத பூட்டும் உண்டு. அமேசானின் எஸ்3 சேமிப்பில் 2018 முதல் இந்த வசதி இருக்கிறது. இந்தப் பூட்டு இல்லாமல் 'அழிக்க முடியாத காப்பகம்' என்று விற்றால் நான் வாங்க மாட்டேன். நம் ஊர்களில் இன்னும் பல அலுவலகங்களின் மொத்தக் காப்பகமும் ஒரே கணினியில் கிடக்கும் ஒரு பிஎஸ்டி கோப்புதான் (அவுட்லுக் மெயிலைச் சேர்த்துவைக்கும் கோப்பு) என்பது வேறு கதை.

வாங்கும்போது தேடும் வேகத்தைத்தான் எல்லோரும் காட்டச் சொல்கிறார்கள். ஸ்கேன் செய்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வசதி இல்லையென்றால் அது அகப்படாது. பிறகு, ஒப்பந்தம் முடிந்து விலகும் நாளில் எட்டு வருட மெயிலையும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன கட்டணத்துக்குத் திருப்பித் தருவார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.