உங்கள் டொமைன் யாருடைய பெயரில் இருக்கிறது?

திருகோணமலையில் சிறு கடைகளுக்கும் தங்குமிடங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். புதிதாக வருகிறவர்கள் முதலில் நிறத்தையும் படங்களையும் பற்றிக் கேட்பார்கள். ஏற்கெனவே தளம் உள்ளவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, டொமைன் (தளத்தைத் திறக்கத் தட்டும் இணைய முகவரிப் பெயர்) யாருடைய பெயரில், எந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்பதுதான். "ஒரு பெடியன் செய்து தந்தவன் தம்பி, எல்லாம் அவனிட்டத்தான் இருக்கும்" என்பார்கள். அந்தப் பெடியன் இப்போது கட்டாரிலோ கனடாவிலோ இருப்பான்.

உப்புவெளியில் ஒரு தங்குமிடத்துக்கு இதுதான் நடந்தது. சீசன் தொடங்கும் நேரம் உரிமையாளர் ஐயா பதறிக்கொண்டு வந்தார். அவருடைய முகவரியைத் திறந்தால் வேற்று மொழியில் ஒரு சூதாட்டப் பக்கம் வந்தது. யாரும் ஹேக் செய்யவில்லை. டொமைன் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அந்தப் பெடியனின் பழைய ஈமெயிலுக்கே போயிருந்தன. பல வருடமாக அவரது விசிட்டிங் கார்டிலும் சுவர்ப்பலகையிலும் இருந்த பெயர் அது. இன்றும் அது அவர் கையில் இல்லை.

டொட் கொம் பெயர் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போய்விடாது. வாங்கிய நிறுவனத்தைப் பொறுத்து சில நாளிலிருந்து 45 நாள் வரை வழமையான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அந்த நாட்களில் தளம் திறக்காமல் போகலாம், அதுவே உங்களுக்கான எச்சரிக்கை. அப்புறம் 30 நாள் மீட்புக் காலம். அதில் கட்டணம் பல மடங்கு. அதற்குப் பிறகு 5 நாளில் பெயர் பொதுவில் விடப்படும், யாரும் அதை வாங்கலாம். ஆனால் ஓரளவு ஆட்கள் வந்துபோகும் பெயர் என்றால் சில நிறுவனங்கள் அதற்கு முன்பே ஏலத்தில் போட்டுவிடும். அதை வாங்குகிறவருக்கு உங்கள் தொழில் தேவையில்லை, கூகுளில் அந்தப் பெயர் சேர்த்து வைத்த மதிப்பு போதும். நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் காரணம் இன்னும் சின்னது: பதிந்து வைத்த வங்கிக் கார்டு மாறியிருக்கும், தானாகப் புதுப்பிக்கும் வசதி அதனால் தோற்றுப்போயிருக்கும்.

"டொமைன் எதற்கு, பேஸ்புக் பக்கம் போதும்தானே?" என்று கேட்பவர்களும் உண்டு. பக்கம் இருக்கட்டும், அது நல்லதே. ஆனால் இலவசமாகக் கிடைத்த முகவரிகள் எப்படி முடிந்தன என்று பாருங்கள். கூகுள் பிசினஸ் கணக்கோடு கிடைத்த இலவசத் தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் மூடியது. ஜூன் வரை அந்த முகவரிகள் கூகுள் மெப்ஸ் பக்கத்துக்குத் திருப்பி விட்டன, அதற்குப் பிறகு அவை திறக்கவேயில்லை. இலவச டொட் டிகே பெயர்களைக் கொடுத்து வந்த ஃப்ரீனொம் நிறுவனம் 2023இல் புதிய பதிவுகளை நிறுத்தி, 2024இல் அந்தத் தொழிலையே விட்டு விலகியது. அவற்றை நம்பிப் பலகை எழுதியவர்கள் என்ன செய்வார்கள்?

மக்கள் தேடும் விதமும் மாறிவிட்டது. கொழும்பிலிருந்து வரும் பயணி பஸ்ஸில் இருந்தபடியே போனை எடுத்து நிலாவெளி ரூம், புறாத்தீவு படகு என்று தேடி முடித்துவிடுகிறார். போனில் ஒழுங்காகத் தெரியும் தளங்களை போன் தேடலில் முன்னுக்குக் கொண்டுவர கூகுள் தொடங்கியது 2015 ஏப்ரலில். 2019 ஜூலையிலிருந்து புதிய தளங்களைப் போன் வடிவத்தை வைத்தே படிக்கிறது. கணினியில் மட்டும் தெரிந்து போனில் காணாமல் போகும் விலைப்பட்டியல், கூகுளின் கணக்கில் இல்லாத விலைப்பட்டியல். ஆகவே உங்கள் தளத்தை உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள், வைஃபை இல்லாமல், சாதாரண டேட்டாவில்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உலகளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் (ICANN) அமைப்பின் இலவசத் தேடல் பக்கத்தில் உங்கள் டொட் கொம் பெயரைப் போட்டால் காலாவதித் திகதியும் எந்த நிறுவனத்தில் பதிவு என்பதும் தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அதைக் கணக்குக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். டொட் எல்கே பெயர் என்றால் இலங்கையின் எல்கே டொமைன் பதிவகத்தில் பாருங்கள். 2010இல் அங்கீகாரம் பெற்ற டொட் இலங்கை என்ற தமிழ் முகவரியும் அவர்களிடமே உண்டு. தமிழ்ப் பெயரில் கடை நடத்துகிறவர்கள் அதையும் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் விருப்பம்.

கணக்கு வேறொருவரிடம் இருந்தால் கோபப்படாமல் பேசி, உரிமையாளர் பெயரையும் ஈமெயிலையும் உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதென்றால் அதற்குத் தேவைப்படும் இரகசிய மாற்றுக் குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள். அந்த ஈமெயில் நீங்கள் தினமும் திறப்பதாக இருக்கட்டும், மகனுடைய பள்ளிக்கூட ஈமெயில் வேண்டாம். உரிமையாளர் விபரம் மாறியதும் பல நிறுவனங்கள் 60 நாளுக்கு டொமைனை வேறிடத்துக்கு மாற்ற விடாது. மே மாதம் சீசன் தொடங்குகிறது என்றால் இந்த வேலையை ஜனவரியிலோ பெப்ரவரியிலோ முடித்துவிட வேண்டும்.